முதலில் வார்ட்ரோப், அப்புறம் லாமினேட் தரை

போன ஐப்பசி மழையில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். லாமினேட் தரை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. படுக்கையறை நடுவில் இரண்டு பலகைகள் சேரும் இடம் கூரை முகடு மாதிரி எழும்பி நின்றது. மிதித்தால் அமுங்கியது, காலை எடுத்தால் மறுபடி எழும்பியது. பலகை தரம் குறைந்தது என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். வார்ட்ரோபின் அடி டிராயரைக் கழற்றிப் பார்த்தேன். அடிச்சட்டத்தைத் தரையோடு சேர்த்து நான்கு இடத்தில் ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். கோளாறு அங்கேதான்.

இந்தத் தரையைக் கீழே ஒட்டுவதில்லை. டைல்ஸ் மேல் 2, 3 மி.மீ. ஃபோம் விரித்து, பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறோம். அறை முழுக்க ஒரே பாய் விரித்தது போலக் கிடக்கும். பலகையின் உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த ஹெச்.டி.எஃப். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து விரியும். ஏசி ஓடும் அறையில் காய்ந்து சுருங்கும். அதற்குத்தான் சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடம் விட்டு, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்கிறோம். ஸ்க்ரூவால் தரையைப் பிடித்துவிட்டால் அந்த இடைவெளி இருந்தும் பயனில்லை. விரிய வழியில்லாமல் நடுவில் எழும்பும், இல்லாவிட்டால் சுருங்கும்போது பூட்டு விட்டுப்போய்ப் பிளவு தெரியும். ஸ்க்ரூ இல்லாவிட்டாலும், சுவரோடு அடித்த வார்ட்ரோபும் கிச்சன் கேபினெட்டும் தங்கள் எடையாலேயே தரையை அழுத்திப் பிடிக்கும். கட்டில், மேசைக்கு இந்தக் கவலை வேண்டாம். ஆனால் தரையில் துளைபோட்டு வைக்கும் டோர் ஸ்டாப்பரும் இதே வேலையைத்தான் செய்யும். அதைச் சுவரில் வையுங்கள்.

அதனால் வார்ட்ரோபை டைல்ஸ் மேல் நிறுத்தி, சுவரில் பிடித்துவிட்டு, அதன் முன்பக்கம் வரை மட்டும் தரை போடச் சொல்லுங்கள். அங்கேயும் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். அதை மூடும் மெல்லிய பீடிங் பட்டையை வார்ட்ரோபில் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. இன்னொன்று, 8 மி.மீ. பலகையும் ஃபோமும் சேர்ந்தால் 10, 11 மி.மீ. உயரும். அதைக் கார்பென்டரிடம் முன்பே சொல்லாவிட்டால் கதவு தரையில் உரசும்.

வேளச்சேரி வீட்டில் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, வார்ட்ரோபின் முன்னால் மல்டி கட்டரால் ஒரு கோடாகத் தரையை வெட்டிப் பிரித்தேன். சில நாளில் தரை தானாகப் படிந்தது. பூட்டு உடைந்த இரண்டு பலகைகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. நல்லவேளை, மீந்த பலகைகளை லாஃப்டில் எடுத்து வைத்திருந்தார்கள்.