தோல் புற்றுநோய் மாத்திரையில் கருவைப் பற்றிய எச்சரிக்கை ஏன்?

விஸ்மோடெகிப் மாத்திரையை எழுதிக் கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் நீண்ட நேரம் பேச வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி புற்றுநோயைப் பற்றி அல்ல, கர்ப்பத்தைப் பற்றி. எழுபது வயதைத் தாண்டிய ஆணுக்கும் விலக்கில்லை. ஆணுறை அணிய வேண்டும், விந்து தானம் கூடாது. சிகிச்சையின்போதும், கடைசி மாத்திரைக்குப் பிறகு 24 மாதங்கள் வரையிலும் ரத்த தானம் கூடாது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடை கட்டாயம், அதே 24 மாதங்களுக்கும் சேர்த்து. “மூக்கின் மேல் வந்த கட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?” என்று அநேகமாக எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். புற்றுநோயைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளிலேயே மிக நல்ல கேள்வி இதுதான் என்பேன்.

ஒற்றைச் செல்லிலிருந்து ஓர் உடல் உருவாகும்போது செல்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. எங்கே நிற்பது, எப்போது பிரிவது, எப்போது நிறுத்துவது என எல்லாமே அந்தச் செய்திகளால் முடிவாகின்றன. இவ்வளவு பெரிய வேலைக்கு இயற்கை பயன்படுத்தும் முக்கியமான சமிக்ஞைப் பாதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றின் பெயர் ஹெட்ஜ்ஹாக். அதைக் காட்டிக்கொடுத்தது பழ ஈ. ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் ஈயின் மரபணுக்களைச் சிதைத்து, எந்தெந்தப் புழுவின் உடல் எப்படிக் குலைகிறது என்று பார்த்தார்கள். ஒரு மரபணு பழுதான புழுவின் மேல் முட்கள் அடர்ந்து கிடந்தன. முள்ளெலியின் ஆங்கிலப் பெயரையே அந்த மரபணுவுக்கு வைத்துவிட்டார்கள். 1980இல் வெளியான அந்த ஆய்வுக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈப் புழுவை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில், இந்தப் பாதையின் கதைதான்.

மனிதக் கருவிலும் இதே பாதை உண்டு. முகத்தின் நடுக்கோட்டைப் பிரித்து இரண்டு கண்களை அமைப்பதிலும், கைவிரல்களை வரிசைப்படுத்துவதிலும் அதற்குப் பங்கிருக்கிறது. அது வேலை செய்யும் விதம் சற்று விசித்திரமானது. செல்லில் பேட்ச்டு என்ற புரதம், ஸ்மூதென்ட் என்ற இன்னொரு புரதத்தை அடக்கி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டுடன் ஒட்டிக்கொண்டால் அந்தப் பிடி தளர்கிறது. விடுபட்ட ஸ்மூதென்ட் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகிறது. செல் பிரிகிறது, வளர்கிறது. வேலை முடிந்ததும் பிடி மறுபடி இறுகுகிறது.

பேட்ச்டு மரபணுவே பழுதாகிவிட்டால்? யாரும் செய்தி அனுப்பாமலேயே செல்லுக்குக் கட்டளை கேட்டுக்கொண்டே இருக்கும். தோலின் அடித்தளச் செல் புற்றுநோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான். வெளியிலிருந்து எதுவும் படையெடுத்து வரவில்லை. உங்களை உருவாக்கிய அதே கட்டளை, நிறுத்த ஆளில்லாமல் ஓடுகிறது.

அந்தக் கட்டளையை நிறுத்தும் பொருள் தற்செயலாக ஆடுகளிடமிருந்து தெரியவந்தது. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நெற்றியில் ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. தாய் ஆடுகள் சினையாக இருந்தபோது மலைப்பகுதியில் வளரும் வெராட்ரம் என்ற செடியை மேய்ந்ததுதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். சினையின் 14ஆம் நாளையொட்டித் தின்றால்தான் கண்ணில் அந்தக் கோளாறு. செடியிலிருந்த நச்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். அது ஹெட்ஜ்ஹாக் பாதையைத்தான் முடக்குகிறது என்பது 1998இல் உறுதியாயிற்று. பிடிப்பது ஸ்மூதென்டை என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. அதே ஸ்மூதென்டைப் பிடிக்கும் மாத்திரையாக விஸ்மோடெகிப் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எச்சரிக்கைக்கான காரணம் இப்போது விளங்கும். கட்டியில் நிறுத்த நினைப்பதையே கருவிலும் இந்த மருந்து நிறுத்திவிடும். வயது வந்த உடலில் கூட அந்தப் பாதை முழுமையாக ஓய்வெடுப்பதில்லை. முடியின் வேரும் நாக்கின் சுவை மொட்டுகளும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள அதை நம்பியிருக்கின்றன. அதனால்தான் மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சாப்பாடு ருசிக்கவில்லை, முடி கொட்டுகிறது என்கிறார்கள். மருந்து ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தாமாகவே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இடைவெளி விட்டு மாத்திரை கொடுக்கவும் வழி இருக்கிறது. இன்னொன்று: அடித்தளச் செல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். முற்றிப்போன, பரவிய, அல்லது அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத நிலைகளுக்குத்தான் இந்த மாத்திரை.

அறிக்கையில் ஒரு மரபணுவின் பெயரைப் பார்த்ததும் அதற்கான மருந்தை இணையத்தில் தேடி, ‘இதை ஏன் தரவில்லை’ என்று சண்டைக்கு வருகிறவர்களைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பாதையின் பெயர் மட்டும் போதாது. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில் ஒரு வகையும் இதே ஹெட்ஜ்ஹாக் பாதையால் வளர்வதுதான். பழுது பேட்ச்டில் இருந்தால் ஸ்மூதென்டை அடக்கும் மருந்துக்குக் கட்டி பதில் சொல்லக்கூடும். பழுது ஸ்மூதென்டுக்குக் கீழே இருந்தால் மேலே எதை அடைத்தும் பயனில்லை. வளரும் பிள்ளைகளில் இம்மருந்து எலும்பின் வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடலாம் என்ற கவலை வேறு.

திசுவும் முக்கியம். பிராஃப் மரபணுவின் வி600ஈ மாற்றத்துக்கான வெமுராஃபெனிப் மருந்து, மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோயில் கட்டியைக் கண்கூடாகச் சுருக்குகிறது. அதே மாற்றம் கொண்ட பெருங்குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுத்தால் அநேகமாக அசையாது. பிராஃபை அடைத்ததும் குடல் செல் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி வழியாகச் சுற்றுப்பாதையைத் திறந்துகொள்கிறது என்று 2012இல் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்து அடைக்கும் சிகிச்சை 2020இல் ஒப்புதல் பெற்றது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மருந்து உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த நிலையில், ஏதோ ஒரு மூலிகைச் சாறு ‘புற்றுநோய் சமிக்ஞையைத் தடுக்கிறது’ என்று விளம்பரம் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆய்வகத் தட்டில் எதையாவது தடுக்காத பொருளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். விஸ்மோடெகிப் போன்ற தேர்ந்த மருந்தே பரவிய பெருங்குடல் புற்றுநோயில் சோதிக்கப்பட்டபோது பலன் தரவில்லை.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்ச்டு மரபணுவின் பழுது பிறவியிலேயே இருந்தால் அதற்கு கார்லின் நோய்க்கூட்டு என்று பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர 50 சதவீத வாய்ப்புண்டு. இளவயதிலேயே பல தோல் கட்டிகள், தாடை எலும்பில் நீர்க்கட்டிகள், உள்ளங்கையில் குண்டூசி முனை அளவு குழிகள் ஆகியவை அறிகுறிகள். தாடைக் கட்டியைப் பல் மருத்துவரும் தோல் கட்டியைத் தோல் மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆகவே நீங்கள்தான் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குறிப்பாகக் கதிர்வீச்சு சிகிச்சை பேசப்படும்போது. கார்லின் உள்ளவர்களுக்குக் கதிர் பட்ட இடத்தில் சில ஆண்டுகளில் புதிய தோல் புற்றுநோய்கள் கொத்தாக முளைக்கக்கூடும் என்பதால், வேறு வழியிருந்தால் அதைத் தவிர்க்கவே பார்ப்போம். அப்படியொரு குடும்ப வரலாறு இருக்கிறது என்று தேதி குறிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.