ஹைப்ரிட்டா, ரோடு பைக்கா? கை மரத்துப்போன பிறகு கேட்காதீர்கள்

என் பிசியோதெரபி கிளினிக்குக்குக் கை மரத்துப்போய் வந்தவர்களில் இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேருமே சைக்கிள் வாங்கி நான்கு மாதம் ஆகாதவர்கள், மூன்று பேருக்குமே சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயிருக்கிறது. நேற்று வந்த தம்பியின் வலது கையில், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. இடது கையில் வைத்து இழுத்தால் தாள் கிழிகிறது, விரல் விடவில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றார். வயது 26.

"ரோடு பைக் வாங்கினா முதுகு போயிடும்னு சொன்னாங்க மேடம், அதனாலதான் ஹைப்ரிட் எடுத்தேன்."

கிளினிக்கில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ரோடு பைக் என்றால் ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்த, மெல்லிய டயர் சைக்கிள். ஹைப்ரிட் என்றால் நேர் ஹேண்டில்பாரும் கொஞ்சம் தடித்த டயரும் உள்ளது. முதுகைக் கெடுப்பது வளைந்த ஹேண்டில்பார் இல்லை. உங்கள் உடம்புக்குப் பொருந்தாத ஃப்ரேம்தான் கெடுக்கிறது, அது ஹைப்ரிட்டாக இருந்தாலும் சரி, ரோடு பைக்காக இருந்தாலும் சரி. ரோடு பைக்கின் ஹேண்டில்பாரில் மேலே, பிரேக் லீவர் மேல், கீழ் வளைவு என்று கையை வைக்க மூன்று இடம் உண்டு. ஓட்டிக்கொண்டே மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். ஹைப்ரிட்டின் நேர் ஹேண்டில்பாரில் ஒரே பிடிதான், மணிக்கட்டு பின்னால் மடங்கி, சுண்டு விரல் பக்கத்து உள்ளங்கை மேட்டில் எடை முழுக்க இறங்கும். சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்வு தருகிற அல்னார் நரம்பு அங்கேதான் ஓடுகிறது, அது நசுங்குகிறது. மார்க்கெட் வரைக்கும் போய் வர இது ஒரு பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டர் பக்கம் வரும், அந்த நான்கைந்து மணி நேரமும் ஒரே பிடி என்றால் எந்த நரம்பு தாங்கும்?

இந்தத் தம்பியின் உயரம் 165 செ.மீ., வாங்கியிருப்பது லார்ஜ் சைஸ். தள்ளுபடியில் அதுதான் இருந்ததாம், சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்களாம். ஆகாது! சீட்டை இறக்கினால் ஹேண்டில்பார் பக்கத்தில் வந்துவிடாது. எட்டிப் பிடிக்க முழங்கை விறைத்துக்கொள்ளும், மேலுடம்பின் பாரம் நேராகக் கைக்குப் போகும், சீட் தாழ்ந்ததற்குத் தண்டனையாக முழங்காலின் முன்பக்கமும் வலிக்க ஆரம்பிக்கும். அவருக்கு இரண்டுமே இருந்தது. முன் சக்கர சஸ்பென்ஷன் இருக்கிறதே என்றார். அது பள்ளத்தில் விழும் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சைக்கிளின் எடையையும் கூட்டும், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றை அப்படியே நிரப்பியிருந்தார், அதனால் ரோட்டின் ஒவ்வொரு நடுக்கமும் கைக்கு வந்திருக்கிறது. அந்த எண் டயர் தாங்கும் எல்லை, உங்கள் எடைக்கான அளவு இல்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? ஆபீஸுக்கும் கடைக்கும் தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர், குண்டும் குழியும், ஸ்பீடு பிரேக்கர், பையை வைக்க கேரியர் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹைப்ரிட் வாங்குங்கள், சஸ்பென்ஷன் இல்லாததாக. 35 மி.மீ. டயர் நம் ஊர் ரோட்டுக்கு நல்லது. 25 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக் மழைநீர் வடிகாலின் கம்பி இடுக்கில் சிக்கி ஆளைத் தூக்கி எறிந்ததற்கும் வைத்தியம் பார்த்திருக்கிறேன். வார இறுதியில் 50 கிலோமீட்டருக்கு மேல் போகத்தான் ஆசை என்றால் தைரியமாக ரோடு பைக்குக்குப் போகலாம், ஆனால் ரேஸ் மாடல் வேண்டாம். எண்டியூரன்ஸ் வகை என்று கேளுங்கள், அதில் ஹேண்டில்பார் உயரமாகவும் பக்கத்திலும் இருக்கும். ஹைப்ரிட்டில் தூரம் போகவே முடியாது என்பதும் பொய்தான். 200 கிலோமீட்டர் பிரெவேயை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஹைப்ரிட்டிலேயே முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் ஹேண்டில்பார் முனையில் கொம்பு மாதிரி பார் எண்ட் மாட்டி இரண்டாவது பிடி வைத்துக்கொள்கிறார்கள்.

பணம் கட்டும் முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சைக்கிளின் இரு பக்கமும் கால் வைத்து நில்லுங்கள், குறுக்குக் கம்பி உடம்பில் முட்டக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முழங்கை சற்று மடிய வேண்டும். கடைக்கு வெளியே கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள், விடமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள். உங்கள் சைஸ் இல்லையா, காத்திருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஓட்டி முடித்து மறுநாள் காலையிலும் விரல் மரத்தே இருந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். கை தானாகச் சரியாகும் என்று அந்தத் தம்பி ஆறு வாரம் ஓட்டியிருக்கிறார். தாளைப் பிடிக்கிற சோதனையை வீட்டிலேயே செய்யலாம், இரண்டு கைக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த வாரமே நரம்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.