இரண்டு எலிவேட்டர்களுக்கு ஒரு போல்ட்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களை, பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிப் பறக்கவிட்டவர்கள் ஏராளம். அவ்வாறு பறந்தவை மட்டும் 10,000-ஐத் தாண்டும். இவ்விமானங்களின் வாலில் எலிவேட்டர், அதாவது மேலும் கீழும் அசைந்து விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் பலகை, இடம், வலம் என இரு தனிப் பாகங்களாக இருக்கிறது. வாலில் அசையாமல் நிற்கும் கிடைமட்ட நிலைப்படுத்தியின் பின்னால் அது கீல்களில் தொங்குகிறது. ஒவ்வொன்றின் உள்முனையிலும் பற்றவைத்துச் செய்த எஃகுக் கொம்பு, அதாவது நெம்புகோல்போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, ஒன்று உண்டு. விமானி கைப்பிடியை இழுக்கும்போது, இரு கொம்புகளையும் ஊடுருவிச் செல்லும் ஒரே போல்ட்டின் வழியாகத் தள்ளுகோல் இரண்டையும் சேர்த்து அசைக்கிறது. ஆகவே, அந்தப் போல்ட்டின் துளை விழும் இடம்தான் இரண்டும் ஒரே கோணத்தில் நிற்குமா என்பதை முடிவு செய்கிறது.

கீல் அச்சிலிருந்து துளை 75 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கொம்பில் துளை 1 மி.மீ. பிசகினால் அந்த எலிவேட்டர் ஏறத்தாழ முக்கால் டிகிரி திரும்பி நிற்கும். அச்சிலிருந்து 350 மி.மீ. பின்னால் உள்ள விளிம்பில் அது 4 மி.மீ.-க்கும் மேற்பட்ட ஏற்றத்தாழ்வாகத் தெரியும். இதனால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் காற்றின் இழுவை கூடும், ஒரு பக்கம் சாயும் போக்கும் இலேசாக வரும்.

இந்தத் துளையைப் போடுவதற்கு முன் கீல்களை நேர்ப்படுத்த வேண்டும். நூல் ஒன்றை இழுத்துக் கட்டி, கீல்களாக வேலை செய்யும் திருகு முனைப் பேரிங்குகளைத் திருகி உள்ளும் வெளியுமாக நகர்த்தி, எல்லாக் கீல்களின் மையமும் ஒரே கோட்டில் வரச் செய்வார்கள். கோடு பிசகினால் எலிவேட்டர் அசையும்போது இறுகும். நடுப் பேரிங்குக்கு எதிரே, கீலுக்காகக் கொம்பில் போடும் தனித் துளைக்கு, பேரிங்குக்குள் செருகிய சிறு குழாயே வழிகாட்டி.

அதன்பின் இரு எலிவேட்டர்களையும் கிடைமட்ட நிலைப்படுத்தியின் நேர்நீட்சியாக நிறுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். இந்நிலையில் இரு கொம்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். பற்றவைப்பின் வெப்பத்தில் எஃகு சற்றே வளைவது இயல்பு. கொம்புகளை நேராக்க முயலாமல், முதல் கொம்பில் தள்ளுகோல் போல்ட்டுக்காகப் போட்ட துளையின் வழியாகவே, செங்குத்து மாறாமல், இரண்டாவதையும் துளைப்பதே முறை. துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து போல்ட் விட்டத்தின் இரு மடங்கேனும் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகவே அளந்துகொள்ள வேண்டும்.

எலிவேட்டரே இலேசாக முறுக்கியிருந்தால், வெளிமுனையில் எதிர் எடையைத் தாங்கி முன்னோக்கி நீளும் கை நிலைப்படுத்தியோடு பொருந்தும்போது உள்முனை பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் முனையை மட்டும் பொருத்துவதைவிட, நீளம் முழுவதிலும் பிழையைச் சமமாகப் பங்கிடுவதே மேல் என்பது என் கருத்து. முனையின் வேறுபாட்டைப் பின்னர் முனையில் மாட்டும் ஃபைபர் மூடியில் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கைக்கும் நிலைப்படுத்திக்கும் நடுவே விடும் இடைவெளியில், பிற்பாடு பூசப்போகும் பெயின்ட்டின் கனத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.