இழுப்பறை ஏன் கையோடு வந்துவிடுகிறது?

பழைய டிரெஸ்ஸர்களில் (இழுப்பறைகள் வைத்த அலமாரிகளில்) முதலில் போவது இழுப்பறைதான். சட்டம் அசையாமல் நிற்கும், மேல்பலகை பளபளவென்று இருக்கும்; கைப்பிடியை இழுத்தால் முகப்புப் பலகை மட்டும் தனியாக வந்துவிடும். பெரும்பாலும் மரத்தின் மேல் குற்றமில்லை. மூலையைச் சேர்த்த விதம்தான் தப்பு.

மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நுண்குழாய்களின் கட்டு. இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில், நாரோடு நார் சேர்த்து ஒட்டினால் சாதாரண வெள்ளைப் பசையே போதும். பிறகு உடைத்தால் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். பலகையின் வெட்டுமுனையில் கதை வேறு. அங்கே குழாய்களின் வாய் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். திருகாணிக்கும் அங்கே பிடிப்புக் குறைவு. இழுப்பறையின் மூலையில் ஒரு பலகையின் வெட்டுமுனைதான் இன்னொன்றின் மேல் முட்டி நிற்கிறது.

புறாவால் இணைப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. பக்கப்பலகையின் முனையை, நுனியில் அகன்று அடியில் குறுகும் வால்களாக வெட்டுகிறோம். முகப்பில் அதற்கேற்ற பள்ளங்கள். வால்களின் பக்கங்களில் நாரும் நாரும் ஒட்டுவதால் பசை நன்றாகப் பிடிக்கும். காலப்போக்கில் பசை செத்தாலும், அகன்ற நுனி குறுகிய வாய் வழியே வெளியே வர முடியாது. ஒரே நிபந்தனை: வால் பக்கப்பலகையில்தான் இருக்க வேண்டும். அதை முகப்பில் வெட்டினால், நாம் இழுக்கும் திசையிலேயே வழுக்கிக் கழன்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

வாலின் சாய்வு கடின மரத்துக்கு 8-க்கு 1 (8 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சாய்வு), மென்மரத்துக்கு 6-க்கு 1 என்பது தச்சர்களின் வழக்கம். அழகுக்காக இன்னும் சாய்த்தால், கூர்மூலையில் நார் குட்டையாகிச் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

டிரெஸ்ஸரின் காலையும் குறுக்குச்சட்டத்தையும் சேர்க்கக் கழுந்தும் துளையும்தான்: ஒன்றின் முனையை மெலிதாகச் செதுக்கிய நாக்கு (கழுந்து) மற்றதன் துளைக்குள் நுழையும். ஜெர்மனியில் லைப்சிக் அருகே கிடைத்த, சுமார் 7000 ஆண்டுப் பழமையான ஓக் மரக் கிணற்றிலேயே இந்த வேலை இருக்கிறது. கழுந்தின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். அதைவிடப் பருத்தால் துளையின் சுவர் பலவீனமாகும்.

பலரும் கோட்டைவிடுவது மரத்தின் அசைவில். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை, அகலத்தில் மாறும். 450 மி.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதப் புள்ளி கூடினால், அறுத்த விதத்தைப் பொறுத்து சுமார் 3 மி.மீ. வரை விரியும். அதன் குறுக்கே இழுப்பறைத் தண்டவாளத்தை (இழுப்பறை ஓடும் மரப்பட்டையை) நெடுகப் பசை போட்டு ஒட்டினால், ஒரு கோடைக்குள் பலகை வெடிக்கலாம். பசைக்குப் பதில் திருகாணி போட்டு, முன்பக்கத் திருகாணியை மட்டும் இறுக்கி, பின்னால் திருகாணி நகர நீள்துளை விட்டுவிடுங்கள். இழுப்பறையின் அடிப்பலகை திடமரம் என்றால், அதைத் தாங்கும் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையில்லாமல் சும்மா உட்காரட்டும்.

பிளைவுட்டில் செய்பவர்கள் புறாவாலுக்கு மெனக்கெட வேண்டாம் என்பேன். அடுக்குகள் மாறி மாறி ஓடுவதால் வால்களின் விளிம்பு உதிரும், பாதிப் பசைமுகம் வெட்டுமுனையாகவே இருக்கும். முகப்பின் ஓரத்தில் படிவெட்டு (படி போன்ற வெட்டு) போட்டு, பக்கப்பலகையை அதில் பொருத்தி, வெளிப்பக்கத்திலிருந்து பசையோடு மரக்குச்சிகள் இரண்டு மூன்று அடித்துவிடலாம். இழுக்கும் விசை குச்சியைப் பிடுங்கப் பார்க்காது, குறுக்கே அறுக்கத்தான் பார்க்கும். நாருக்குக் குறுக்கே அறுபடுவது எளிதல்ல என்பதால் குச்சி தாங்கும்.