காய்ச்சல் விட்டும் இருமல் விடாதது ஏன்?

காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும், இருமல் மூன்று வாரமானாலும் விடாது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது என்று இரண்டாவது, மூன்றாவது ஆன்டிபயாட்டிக் கேட்டு வருபவர்கள் ஏராளம். பெரும்பாலும் அங்கே நடப்பது மராமத்து வேலை.

மூச்சுக்குழாயின் உட்படலத்தில் உள்ள நுண்மயிர்ச் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 200 முதல் 300 மயிர்கள். நொடிக்குப் பத்துத் தடவையாவது அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுபவை இவைதான். இடையிடையே சளி சுரக்கும் கோப்பைச் செல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் அடித்தளச் செல்கள். ஃப்ளூ வைரஸ் மேலடுக்கை உரித்துவிடும். அடித்தளச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதால்தான் படலம் மறுபடி வளர்கிறது.

புண்ணின் ஓரத்துச் செல்கள் முதலில் பெருகுவதில்லை; தட்டையாகிப் பரவி, சில மணி நேரத்திலேயே வெற்றிடத்தை மூடத் தொடங்குகின்றன. ஓரிரு நாளில் செல் பிரிதல் வேகமெடுக்கும். மயிர் முளைப்பது கடைசியில்தான், அதற்கு வாரக்கணக்காகும். அதுவரை சளியை மேலேற்றும் வேலை இருமலின் தலையில். நரம்பு முனைகளும் கூசிப்போயிருப்பதால் குளிர்காற்று, சிரிப்பு, தாளிக்கும் நெடி எல்லாமே இருமலைக் கிளப்பும். இதற்கு ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை.

புகை தொடர்ந்தால் இந்த மராமத்து வேலை தடம் மாறும். புதிய செல்கள் நுண்மயிர்ச் செல்லாக முதிராமல் கோப்பைச் செல்லாகவோ, தோல் போன்ற தட்டைச் செல்லாகவோ ஆகிவிடும். சளி கூடும், தள்ள ஆள் குறையும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும்கூடப் புகைதான்.

ஆஸ்துமாக்காரர்கள் செய்யும் தவறு வேறு. வீசிங் நின்றதும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சத்தம் நின்றாலும் படலத்தின் அழற்சி அடங்கியிருக்காது. இன்ஹேலரில் ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைக்கும் குழாய்) வைத்து, மூச்சை வெளியே விட்டு, ஒரு முறை அழுத்தி, மெதுவாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். இரண்டு பஃப் என்றால் தனித்தனியாக. சேர்த்து அழுத்தினால் மருந்தில் ஒரு பகுதி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரலாம்.

இருமல் 2 வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோயும் இப்படித்தான் தொடங்கும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சளியில் ரத்தம், எடை குறைதல், மாலைக் காய்ச்சல், மூச்சிரைப்பு இருந்தால் அந்த 2 வாரமும் காத்திருக்க வேண்டாம்.