ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லித் தருவது?

ஜூன் மாதம் பள்ளி திறந்து கொஞ்ச நாள் ஆனதும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், வீட்டுப்பாடமே குடுக்க மாட்டேங்கறீங்களே, புள்ள எப்படிப் படிக்கும்?" பக்கத்துத் தெருவில் வேன் ஏறிப் போகும் பிள்ளை நாலு நோட்டு நிறைய எழுதுகிறது. அதைப் பார்க்கும் அம்மாவுக்குக் கவலை வரத்தான் செய்யும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. புத்தகப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் வந்ததுதான். ஆனால் சட்டம் இருக்கிறது என்று சொல்லிப் பெற்றோரை அனுப்பிவிடுவது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. இந்த வயதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது, எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரிந்துவிட்டால், நோட்டு நிறைய எழுதவைக்காமலே வீட்டில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்குப் படிப்பறிவே வேண்டியதில்லை. நான் வேலை பார்ப்பது கிராமத்துத் தொடக்கப் பள்ளியில். "நானே கைநாட்டு, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?" என்று ஒதுங்கி நிற்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதன்முதலில் வகுப்பறையில் உட்கார்ந்தபோதே இரண்டாம் வகுப்பு. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துப் பாடம் நடத்தும் முறை வந்தது.

"மூணாவது படிக்குது, இன்னும் அரும்புலயே இருக்குதாமே" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அரும்பு என்பது ரேங்க் கிடையாது. எந்தப் படியில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். பிள்ளை படி ஏறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் தயங்காமல் வந்து கேளுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

தமிழில் 247 எழுத்து என்றதும் பயந்துவிடுகிறோம். பிள்ளைகள் அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. உயிர் 12, மெய் 18, அவை சேரும் விதம் இவ்வளவையும் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். கா, பா, மா எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால். கி, பி, மி வரையிலும் பிள்ளை குடுகுடுவென்று ஓடும். உகர வரிசை வந்ததும் அப்படியே நிற்கும். 'பு'வில் கோடு கீழே இறங்குகிறது, 'து'வில் வால் வளைந்து மேலே ஏறுகிறது, 'கு'வும் 'மு'வும் வேறு மாதிரி சுழிகின்றன. ஒரே ஓசைக்கு இத்தனை உருவம். அடுத்த சிக்கல் ஒற்றைக்கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாய் முதலில் 'க்' என்றுதான் சொல்கிறது. 'கொ'வில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. போன மாதம் நன்றாகப் படித்த பிள்ளை இந்த மாதம் தடுமாறினால் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். மந்தமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த வரிசைகளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் நாள் பிடிக்கும்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். குடைப் படத்தைக் காட்டி, "இது என்ன, முதல் எழுத்து என்ன?" என்று கேட்டால் பிள்ளை "கொ" என்கிறது. தப்பு என்று சொல்ல வாய் வராது. ஏனென்றால் அது பிறந்ததிலிருந்து கேட்டது "கொடை"தான். கிணறு அதற்குக் "கெணறு", உடம்பு "ஒடம்பு", இலை "எல". காதில் இருக்கும் சொல் வேறாகவும் புத்தகத்தில் இருக்கும் சொல் வேறாகவும் இருக்கும்போது, எழுத்தைக் கூட்டி "கு-டை" என்று சரியாகவே வாசித்துவிட்டு, அது தன் வீட்டுக் கொடைதான் என்று தெரியாமல் விழிக்கும். இதற்காக வீட்டில் எழுத்துத் தமிழில் பேச வேண்டியதில்லை. பிள்ளையின் பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தால் பேசுவதையே நிறுத்திவிடும். கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டினால் போதும், புத்தகத் தமிழும் காதுக்குப் பழகிவிடும். வாசிக்கத் தெரிந்த அக்கா அண்ணன் யாராவது இருந்தால் அவர்கள் செய்யலாம். வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து அரசே சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. பெரிய வகுப்பில் படிக்கும் அண்ணன் கையில் அது இருந்தால், ராத்திரி தம்பிக்கு வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

தாத்தா பாட்டி எழுதிக் காட்டும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் படித்தவர்கள் 'லை', 'ணை' போன்றவற்றை யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து எழுதுவார்கள். பிள்ளை பள்ளியில் வேறு உருவம் பார்த்துவிட்டுக் குழம்பும். தாத்தா எழுதியது அந்தக் கால எழுத்து, இப்போது இப்படி எழுதுகிறோம் என்று சொன்னாலே புரிந்துகொள்ளும். அதற்காகத் தாத்தாவை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் நடக்கிற ஒரு வேலையை மட்டும் நிறுத்தச் சொல்வேன். 'படம்' என்ற சொல்லைப் பத்து முறை எழுது என்று உட்காரவைப்பது. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கையைக் கவனியுங்கள். முதலில் மேலிருந்து கீழ் வரை பத்து 'ப' வரிசையாக எழுதும். அடுத்து பத்து 'ட'. அப்புறம் பத்து 'ம்'. பக்கம் நிறைந்துவிட்டது, 'படம்' என்ற சொல்லைப் பிள்ளை ஒரு முறைகூட எழுதவில்லை. அதற்குப் பதிலாக 'படம்' என்று ஒரு முறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். பின்பு 'பாடம்' என்று சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அது யோசிக்கட்டும். கல், கால். பல், பால். மடு, மாடு. ஐந்தே நிமிடம். குறிலும் நெடிலும் காதில் பிரிந்துவிட்டால் கையில் தானாகப் பிரியும். எழுதத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். "கல்லுன்னு சொன்னேனா, காலுன்னு சொன்னேனா?" என்று கேட்டு, கல் என்றால் தரையைத் தட்டு, கால் என்றால் காலைத் தொடு என்று விளையாடலாம்.

வாசிக்க வீட்டில் புத்தகம் இல்லை என்பவர்கள் சுற்றிலும் பாருங்கள். ரேஷன் கடைப் பலகை, பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர், கல்யாணப் பத்திரிகை, விதை பாக்கெட், உர மூட்டை. பத்திரிகையில் மாமா பெயர் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்காது.

கணக்கில் வருகிற தடுமாற்றங்களுக்கும் காரணம் உண்டு. முப்பத்திரண்டு என்று எழுதச் சொன்னால் 302 என்று எழுதும் பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறது. முப்பது எழுதியது, பக்கத்தில் இரண்டு எழுதியது. இடத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்றால் நூறு என்று தாவும் பிள்ளைகளும் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லிலேயே நூறு ஒலிக்கிறது, பிள்ளை என்ன செய்யும்? இவற்றுக்கெல்லாம் மருந்து பத்துப் பத்தாகக் கட்டுவதுதான். விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுங்கள். மூன்று கட்டும் இரண்டு உதிரியும் முப்பத்திரண்டு. ஒன்பது கட்டு தொண்ணூறு, பத்தாவது கட்டு சேர்ந்தால் நூறு. கையால் எடுத்துவைத்த பிள்ளை 302 என்று எழுதத் தயங்கும்.

கழித்தல் இதைவிடக் கஷ்டம். 32-இல் 17 போனால் என்ன என்று கேட்டால் பல பிள்ளைகள் 25 என்று எழுதும். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறது. "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்று நாம் சொல்லித்தருவது வாய்ப்பாடாக நிற்கிறதே தவிர, உள்ளே இறங்குவதில்லை. வீட்டில் மூன்று பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுங்கள். நீங்கள் கடைக்காரர். "பதினேழு ரூவா குடு." பிள்ளை ஒரு பத்தை நீட்டும். இன்னும் ஏழு வேண்டும், கையில் இரண்டு காசுதான். கொஞ்ச நேரம் முழிக்கும். விட்டுவிடுங்கள், உடனே சொல்லித்தர வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே "இதுக்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்டுவிடும். பத்து ஒரு ரூபாய்க் காசாக மாற்றிக் கொடுத்தால், பன்னிரண்டு காசில் ஏழைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணும். ஒரு பத்தும் ஐந்து காசும், பதினைந்து. கடன் வாங்கும் கழித்தல் இவ்வளவுதான். இப்போது கடையில் எல்லாரும் போனைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறோம், அதனால் பிள்ளை சில்லறையைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. சின்ன வாங்கலுக்காவது காசு கொடுத்து அனுப்புங்கள்.

பல்லாங்குழி இருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் எழுபது. ஐந்தாம் வாய்ப்பாடு அங்கேயே வந்துவிடுகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்ற எண்ணும் ஒழுங்கும் விரலுக்கு வருகிறது. பிள்ளைகள் எண்ணும்போது ஒன்றைத் தொடாமல் வாய் மட்டும் முன்னால் ஓடிவிடுவது சாதாரணமாக நடப்பது. பாட்டியோடு நாலு ஆட்டம் ஆடினால் அது சரியாகும். பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டினாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

படிக்காத அம்மாக்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். நன்றாகப் பேச வரும் பிள்ளைக்கு வாசிப்புப் புரிவது எளிது. சொல் தெரியாத பிள்ளை எழுத்துக் கூட்டினாலும் அர்த்தம் பிடிபடாது. நடவு, களை, பரம்பு, மடை, தாம்பு, உறி என்று உங்கள் வாயில் இருக்கும் சொற்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் மொத்தமாகக் கிடைக்காது. வேலை செய்துகொண்டே பேசுங்கள். பேச்சில் பிள்ளைக்கும் இடம் வேண்டும். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் யாரு பக்கத்துல உக்காந்து சாப்ட்ட, எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டால் கதை வரும். நடுவில் வெட்டாமல், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் நடந்தது, பிறகு நடந்தது என்று வரிசையாகச் சொல்லப் பழகும் பிள்ளைதான் பின்னாளில் நாலு வரி சொந்தமாக எழுதும். விடுகதை போடுங்கள். 'எட்டாத ராணி, இரவில் வருவாள், பகலில் மறைவாள்' என்றால் பிள்ளை நிலாவைக் கண்டுபிடிப்பதற்குள் எத்தனை விடை சொல்லிப் பார்க்கும்! அத்தனையும் யோசனைதான். செல்போனில் ஓடும் பாட்டும் கதையும் பிள்ளையிடம் பேசும், பதிலுக்குக் காத்திருக்காது. அதனால்தான் அது வீட்டுப் பேச்சுக்கு ஈடாகாது என்கிறேன்.

ஐந்தாறு வயதில் டியூஷன் வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளியில் பகல் முழுக்க உட்கார்ந்த பிள்ளைக்குச் சாயங்காலம் ஓடி விளையாட வேண்டும், ராத்திரி நேரத்தில் தூங்க வேண்டும். லீவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீடு என்று தொடர்ந்து ஒரு வாரம் போய்விட்டால், அந்த வாரம் நடந்த எழுத்தைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பமாகப் போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். போகிற ஊரில் பள்ளியில் உட்காரவைக்க ஏற்பாடு செய்ய முடியும்.

அப்புறம் கண். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வருகிறது, புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சரியாக இருக்கிறது என்றால் பார்வையைச் சோதிக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, சாயங்காலம் தலைவலி என்பது எல்லாம் வீட்டில்தான் முதலில் தெரியும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும் பாருங்கள். சளி பிடித்துக் காது அடைத்திருக்கும் பிள்ளைக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றாகக் கேட்டால் ஆச்சரியமில்லை. இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கைக்கு மாற்ற முயல வேண்டாம். பென்சில் பிடித்திருக்கும் கைப்பக்கமாக நோட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும்.

பள்ளிக்கு வரும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். பயிற்சி நூலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த எழுத்து வரிசையில் நிற்கிறது, கூட்டல் கழித்தலில் எங்கே சிக்குகிறது, யாரோடு சேர்ந்து உட்கார்ந்தால் நன்றாகச் செய்கிறது என்று கேளுங்கள். எங்களுக்குத் தெரியாததை நீங்களும் சொல்லுங்கள். வீட்டில் புதுத் தம்பி பிறந்திருக்கிறான், அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விட்டார், நேற்றுத் தூங்கவில்லை என்று ஒரு வரி தெரிந்தாலே நாங்கள் அந்தப் பிள்ளையை வேறு மாதிரி நடத்துவோம். கூலியை விட்டுவிட்டுப் பகலில் வர முடியாது என்றால், காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது வாசலிலேயே பேசலாம். எங்கள் பள்ளியில் பலர் அப்படித்தான் பேசிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.