காளான் ஸ்போரை எகிற வைக்கும் துளி

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அமேசான் காட்டுக்கு மேலே காற்றில் பூஞ்சை மிதக்கிறது என்கிறார்களே, அவ்வளவு உயரத்துக்கு அது எப்படிப் போகிறது?"

பூஞ்சைகள் ஸ்போர்கள் என்ற விதை போன்ற நுண்துகள்களால் பரவுகின்றன என்பது பள்ளிப்பாடம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு ஸ்போர். வெளியே வந்துவிட்டால் போதும், சூடாகி எழும் காற்று மேலே தூக்கிப் போய்விடும். ஆனால் காளானும் ஒரு பூஞ்சைதான், அதன் குடைக்கு அடியில் காற்று அவ்வளவாக அசைவதில்லை. அங்கிருந்து கிளம்புவதுதான் கஷ்டம்.

ஐப்பசி மழை விட்ட காலையில் மரத்தடியில் முளைத்திருக்கும் காளானைப் புரட்டிப் பாருங்கள். புத்தகத் தாள்களைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அவற்றில்தான் நுண்ணிய காம்புகளின் நுனியில் ஸ்போர்கள் உட்கார்ந்திருக்கின்றன. முதிர்ந்த ஸ்போரின் அடியில் மானிட்டால் என்ற சர்க்கரைப்பொருள் துளியூண்டு கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசத்துப்போவது போல, அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துளியாகத் திரளும். ஸ்போரின் பக்கவாட்டில் இன்னொரு நீர்ப்படலம். துளி வளர்ந்து அதைத் தொட்டதும், ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மழைத்துளிகள் சேர்வது போல, சட்டென்று இரண்டும் ஒன்றாகிவிடும். பரப்பு இழுவிசையில் அடங்கியிருந்த ஆற்றல் விடுபட, ஸ்போர் காம்பை விட்டு எகிறும்! வேகம் நொடிக்கு சுமார் 1 மீட்டர். ஆனால் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் காற்று அதை நிறுத்திவிடும். அதுதான் இதில் அழகே. இன்னும் கொஞ்சம் போனால் எதிர் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நின்றதால் நேராகக் கீழே விழுந்து குடையை விட்டு வெளியேறுகிறது. கனடாவில் வாழ்ந்த ரெஜினால்ட் புல்லர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இன்றும் இதற்குப் புல்லர் துளி என்றே பெயர்.

எல்லாப் பூஞ்சைகளையும் சேர்த்து உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 5 கோடி டன் ஸ்போர்கள் காற்றில் சேர்வதாக 2007இல் ஒரு மதிப்பீடு வந்தது. காற்று வடிகட்டியில் சிக்கும் மானிட்டாலையும் அளந்து அதைக் கணக்கிட்டார்கள். அப்புறம் இன்னொன்று: மிதக்கும் ஸ்போர் மீதும் நீராவி படிந்து துளியாக வளரும் என்று 2015இல் சோதனையில் காட்டினார்கள். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார் என் பாட்டி. காளானுக்கு மழை வேண்டும், இப்படித் துளி சேர்த்து மழைக்கும் காளான் கைகொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அமேசானில் மனாவுஸ் நகருக்கு அப்பால் காட்டின் நடுவே 325 மீட்டர் உயரக் கோபுரம் கட்டி, காற்றில் மிதப்பவற்றை அளக்கிறார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் மூணாறில் பருவமழைக் காலத்தில் காற்றிலுள்ள, ஸ்போர் போன்ற உயிர்த்துகள்களை அளந்திருக்கிறார்கள். ஒரு பருவம் போதாது. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் அளக்க ஒரு கோபுரம் வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.